தொற்றுநோய் விதிகளும் தோட்டத் தொழிலாளரும்

இலங்கையின் மிக உயர்ந்த புகைவண்டி நிலையம், 6,226 அடி உயரத்துப் பட்டிப்பொல. கொழும்பிற் பிறக்கும் நோய்த்தடை விதி அங்கும் எட்டும். அதன் வேர் யாது? 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமே. ஒவ்வொரு கொள்ளைநோய்க்கும் புதுச் சட்டம் இயற்றக் காலங் கழியுமாதலின், ஒழுங்குவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை அது நிர்வாகத்திற்கு அளித்தது.

அதன்கீழ், 2020 ஏப்பிரலில், கொவிட் நோயால் இறந்தோரை எரித்தேயாக வேண்டுமென விதி வந்தது. 2021 பெப்ரவரியிலேயே அது தளர்ந்தது. 2020 ஒக்டோபர் விதிகள் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கின. மீறினோர்க்கு ஆறு மாதம் வரை சிறை.

விரைவு நன்றே. ஆயின், 'தனித்திரு' என்னும் ஆணை, லயத்து அறையில் நாட்கூலியால் வாழ்வோனுக்கு இழந்த கூலிக்கு ஈடு யாதெனக் கூறாதேல், நோயை மறைக்கவே தூண்டும். ஆதலின், ஆணையோடு காப்புறுதியும் ஒருங்கு செல்லல் வேண்டும்.