பொன் எடுப்பவனுக்கு ஊசி எப்போது?



குற்றம் செய்தவன் ஒருவன், கூண்டில் நிற்பவன் வேறொருவன்! குரங்கம்மைக்குப் பெயர் வந்த கதை அதுதான். 1958-இல் கோபன்ஹேகன் ஆய்வுக்கூடத்துக் குரங்குகளின் உடலில் கொப்புளம் கண்டனர், பெயரைச் சூட்டிவிட்டனர். காட்டிலே அக்கிருமியைச் சுமப்பவை அணில், எலி போன்றவை என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். பாவம், குரங்கு!

மனிதரில் அது முதன்முதல் அறியப்பட்டது 1970-இல், காங்கோ நாட்டில், ஒன்பது மாதக் குழந்தையிடம். அக்குழந்தைக்கு அம்மை குத்தியிருக்கவில்லை. பெரியம்மைக்குக் குத்திய அம்மைப்பாலே இந்நோயையும் பெருமளவு தடுத்துவந்தது. 1980-இல் பெரியம்மை ஒழிந்தது என்றனர்; ஊசியும் நின்றது. பின்னர் பிறந்த பிள்ளைகளுக்குக் காவல் இல்லை.

எப்படிப் பரவுகிறது? நோயுற்ற விலங்கை அறுப்பதால், நோயாளியின் புண்ணைத் தொடுவதால், உடலுறவால், அவன் படுத்த பாயால், போர்த்திய துணியால், கருவுற்ற தாயிடமிருந்து சிசுவுக்கு. நெருக்கத்தில் பற்றும் நோய் இது. நெருக்கியடித்து வாழ்பவன் யார்? மாளிகைவாசியா? 2023-இல் கிழக்குக் காங்கோவின் கமிதுகா என்ற ஊரில் புதிய வகைக் கிருமி தலைதூக்கிற்று. தங்கச் சுரங்க ஊர் அது! மண்ணைக் குடைந்து பொன் எடுப்பவனையும், வயிற்றுப்பாட்டுக்கு உடலை விற்கும் பெண்ணையும் பற்றிற்று.

மருந்து இல்லையா? இருந்தது! முனிச் நகர அறிஞர் ஆண்டன் மயர், அம்மைப்பால் கிருமியைக் கோழிக்கருவின் உயிரணுக்களில் ஐந்நூறு தடவைக்குமேல் மாற்றி மாற்றி வளர்த்தார். மனித உடலில் பெருகும் ஆற்றலை அது இழந்தது. காவல் தரும் குணத்தை இழக்கவில்லை. அதிலிருந்து டென்மார்க்கின் பவேரியன் நார்டிக் நிறுவனம் ஊசி செய்தது. பெரியம்மையை எதிரி படைக்கலமாக்கிவிடுவானோ என்ற அச்சத்தில் அமெரிக்க அரசு பணம் கொட்டிற்று. 2019-இல் அனுமதியும் தந்தது. நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி.

2022-இல் நோய் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நுழைந்தது. அவ்வளவுதான், இலட்சக்கணக்கில் ஊசி வந்து குவிந்தது!

காங்கோவுக்கு? 2024 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி நிலை அறிவித்தது. செப்டம்பர் 5-இல் கின்ஷாசாவில் வந்திறங்கியது முதல் தொகுதி. எவ்வளவு? ஏறத்தாழ ஒரு இலட்சம். பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் வாழும் நாட்டுக்கு! ஐரோப்பா தந்த நன்கொடையாம். அந்நிறுவனம் இந்த ஊசிக்கு முறையான ஒப்புதல் தந்ததோ செப்டம்பர் 13-இல்! நோயுற்றோரில் பெரும்பகுதி பிள்ளைகள்; வந்த ஊசியோ பெரியவர்களுக்கு.

அக்டோபர் 5-இல் கோமா நகரில் ஊசி போடத் தொடங்கினர், மருத்துவமனை ஊழியர்களுக்கு முதலில்.