ஸ்பானிய மொழிக் கல்வியில் உரையாடலும் பண்பாடும்

பிறமொழியொன்றைப் பயிலப் புகுந்த மாணாக்கனுக்கு முதலாண்டு பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே கழிகின்றது. நேற்று அறியாத சொல்லை இன்று அறிகின்றான். வாய்பாட்டை மனனஞ்செய்து ஒப்புவிக்கின்றான். தன் வளர்ச்சி தன் கண்ணுக்கே புலனாகின்றது. இடர்ப்பாடு தோன்றுவது இரண்டாம் ஆண்டிலேயாம். வினை வடிவங்கள் அனைத்தையும் பிழையற எழுதிப் பரீட்சையில் உயர்ந்த புள்ளிகள் பெற்றவன், அம்மொழியைத் தாய்மொழியாகவுடைய இருவரிடையே அமர்ந்தால் வாய் திறவாதிருந்துவிடுகின்றான். ஐக்கிய அமெரிக்க நாட்டுச் சர்வகலாசாலைகளிலே மிகுதியான மாணவர் பயிலும் பிறமொழி ஸ்பானியமேயாகும். அங்கு 'இடைநிலை' எனப்படும் அவ்விரண்டாம் ஆண்டோடு அம்மொழியைக் கைவிடுவோர் பலர். உரையாடலையும் பண்பாட்டையும் பாடத்தின் நடுவே வைத்துக் கற்பிக்கும் முறை இந்நிலைக்கு ஏன் வேண்டப்படுகின்றதென்பது ஆராயத்தக்கது.

தொடக்கத்தில் ஸ்பானியம் தமிழ் மாணவனுக்குச் சிலவகையில் எளிதென்றே கூறலாம். அதன் உயிரொலிகள் ஐந்தே. வினைமுற்றின் விகுதி இடத்தைக் காட்டுதலின் எழுவாய் தொக்கு நிற்றலும் உண்டு; 'ஆப்லோ' என்ற அளவிலேயே 'பேசுகிறேன்' என்பது பெறப்படும். 'எனக்குப் பிடிக்கும்' என்று தமிழர் நான்காம் வேற்றுமை கொடுத்துக் கூறுவதை, அம்மொழியாரும் 'மே குஸ்தா' என்று ஏறக்குறைய அவ்வாறே கூறுவர். ஆங்கிலேய மாணவனை நெடுநாள் இடறச்செய்யும் தொடர் இது.

இடைநிலையில் எதிர்ப்படும் இடர்களோ வேறுவகையின. அங்கே வடிவத்தை அறியாமையன்று குறை; இரு வடிவங்களையும் அறிந்தவன் எதனைத் தேர்வதென்று ஐயுறுதலே குறை. ஒருவரை அறிதலைக் குறிக்கும் 'கொனொசேர்' என்னும் வினைக்கு இறந்தகால வடிவங்கள் இரண்டுள. 'கொனொசீ' என்றால் அவரை முதன்முறை சந்தித்து அறிமுகமானேன் என்பது பொருள். 'கொனொசீயா' என்றால் அவரை முன்னரே அறிந்திருந்தேன் என்பது பொருள். 'தோட்டமுள்ள வீடொன்றைத் தேடுகிறேன்' என்னுமிடத்து 'தியெனே' என்ற வடிவம் வருமாயின், பேசுபவன் குறித்த ஒரு வீட்டை மனத்திற்கொண்டிருக்கின்றான்; 'தேங்கா' என்று வருமாயின், அத்தகைய வீடு உண்டோ இல்லையோ அவன் அறியான். 'இருத்தல்' என்பதற்கும் வினைகள் இரண்டு. 'எஸ் அபுரீதோ' என்றால் அவர் பிறரைச் சலிப்படையச் செய்பவர். 'எஸ்தா அபுரீதோ' என்றால் அவரே சலிப்புற்றிருக்கின்றார். விருந்தளித்த பெரியவரைக் குறித்து இவற்றை மாற்றியுரைப்பவன் மறுமுறை அழைக்கப்படுதல் அரிது.

இவற்றுக்கெல்லாம் விதிகள் உள. ஆயினும் விதியை நினைவுகூர்ந்து முடிக்குமுன்னர்ப் பேச்சு அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுகின்றது. தேர்வு கணப்பொழுதில் நிகழவேண்டுமாதலின் அதனைப் பழக்குமிடமும் பேச்சாகவே இருத்தல் வேண்டும்.

விளிக்கும் முறையிலே இது இன்னும் தெளிவாகும். 'தூ' என்பது நெருங்கியோர்க்குரியது. 'உஸ்தேத்' என்பது மதிப்புக்குரியது. பின்னையது 'தங்கள் பெருந்தகைமை' என்னும் பொருள்பட்ட பழந்தொடரொன்று தேய்ந்து உண்டான சொல். பாடநூல் இவ்வளவோடு நின்றுவிடும். ஆனால், கொலம்பியாவின் தலைநகராகிய பொகோத்தாவில் உற்ற நண்பரும் உடன்பிறந்தாருங்கூடத் தம்முள் 'உஸ்தேத்' என்று பேசுதல் உண்டு. ஆர்ஜென்டீனாவிலோ 'தூ' என்பதன் இடத்தை 'வோஸ்' பிடித்துக்கொண்டது. அதற்கேற்ப வினைவிகுதியும் மாறும். ஸ்பானியம் ஆட்சிமொழியாகவுள்ள நாடுகள் இருபது. அவற்றுள் வழக்கு ஒன்றாயிராது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'நீ', 'நீர்', 'நீங்கள்' என மூன்று படிகள் இருத்தலை அறிந்தார்க்கு இது வியப்பளிக்காது. எவரை எவ்வாறு விளிப்பதென்பதை யாழ்ப்பாணத்துச் சிறுவன் இலக்கண நூலிற் கற்றானல்லன். வீட்டாரும் அயலாரும் பேசக்கேட்டு, தவறியபோது கண்டிக்கப்பட்டு, அறிந்துகொண்டான்.

ஆகவே பண்பாடென்பது பாடத்தின் இறுதியில் ஒட்டப்படும் படப்பக்கமன்று. எருதுப்போரும் நடனமும் பற்றிய இரண்டு பந்திகளைப் படிப்பித்துப் பண்பாடு கற்பித்தோமென்று அமைதலினும் கற்பியாது விடுதல் நன்று. நல்ல வகுப்பிலே பொருளே பேச்சுக்கு வித்தாகின்றது. மெக்சிக்கோவில் நவம்பர் 1ஆம், 2ஆம் திகதிகளில் இறந்தோரை நினைந்து, அவர் விரும்பிய உணவைப் படைத்து, செம்மஞ்சள் மலர்களால் வீட்டை அணிசெய்வர். 2008இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட விழா இது. இதனைப் படித்த மாணவரை நோக்கி, 'உம்முடைய பாட்டியார் உயிரோடிருந்தபோது என்ன செய்வார்? அவர் இறந்த நாளில் என்ன நடந்தது?' என்று ஆசிரியர் வினவுகின்றார். முதல் வினாவின் விடை வழக்கமாக நிகழ்ந்ததைக் கூறும் வடிவத்தையும், இரண்டாவதன் விடை ஒருமுறை நிகழ்ந்து முடிந்ததைக் கூறும் வடிவத்தையும் தாமே வேண்டி நிற்கும். ஆடியமாவாசைக்குப் படையலிட்டுப் பழகிய குடும்பத்து மாணவனுக்குச் சொல்லப் பொருளில்லாமற் போகாது. சொல்லவேண்டுமென்னும் விருப்பம் எழுந்தபின் வடிவத்தைத் தேடுதலும், வடிவத்தைப் பயில்வதற்காகப் பொய்யாக ஒரு வாக்கியம் புனைதலும் ஒன்றல்ல.

இம்முறையை மிகக் கண்டிப்பாகக் கைக்கொள்வோரும் உளர். வெர்மாண்ட் மாநிலத்து மிடில்பரி கல்லூரி 1917இல் தொடங்கிய ஸ்பானியக் கோடைப் பள்ளியிலே, தங்கியிருக்குங்காலம் முழுதும் ஸ்பானியமன்றி வேறுமொழி பேசுவதில்லையென மாணவர் உறுதிமொழி அளிக்கின்றனர். உணவுச்சாலையும் விளையாட்டிடமும் அதற்கு விலக்கல்ல. 1492இலே நெப்ரிஹா என்பார் தம் இலக்கண நூலை வெளியிட்ட சலமான்கா நகருக்குச் செல்லும் பிறநாட்டு மாணவர், அந்நகரத்துக் குடும்பங்களோடு தங்கிப் பயில்வதும் உண்டு. உணவு முடிந்தபின்னும் மேசையைவிட்டெழாது உரையாடும் வழக்கத்துக்கு ஸ்பானியர் 'சோப்ரெமேசா' என்று தனிப்பெயரே வைத்துள்ளனர். அந்த ஒரு மணிநேரத்திற் பெறும் பயிற்சி எந்த வகுப்பறைக்கும் எளிதில் வாய்ப்பதன்று.

எனினும் உரையாடல் என்ற பெயரால் வெறும் பேச்சு மலிந்துவிடும் வகுப்புக்களும் இல்லாமலில்லை. எளிய சொற்கள் இருநூற்றைக்கொண்டு எதனையும் ஒருவாறு உணர்த்திவிடக் கற்றவன், தன் பிழைகளோடு மனநிறைவு கொண்டு அங்கேயே நின்றுவிடுவான். நாட்படப் பிழையே பழக்கமாய் உறைந்துபோம். பேசும்போதே இடைமறித்துத் திருத்தினாலோ அவன் நா எழாது. ஆதலின் அனுபவமிக்க ஆசிரியர் வகுப்பின் பின்புறத்தே அமர்ந்து, கேட்ட பிழைகளைத் தாளிலே குறித்துக்கொள்கின்றார். மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் அவற்றுள் நான்கைந்தைக் கரும்பலகையில் எழுதி, யார் கூறியதென்று சொல்லாமலே மாணவரைக்கொண்டு திருத்துவிக்கின்றார்.