மின்னழுத்தத்தால் மாறும் மின்காப்பு மென்படலங்கள்: இசைவுத்திறனும் ஆற்றல் இழப்பும்

முன்னுரை

நுண்ணலைச் சுற்றின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணை அதிலுள்ள மின்தூண்டியும் மின்தேக்கியும் தீர்மானிக்கின்றன. மின்தேக்கியிலுள்ள மின்காப்புப் பொருளின் விடுதிறனை மின்னழுத்தத்தால் மாற்ற இயலுமாயின், எவ்வுறுப்பும் அசையாமலே அதிர்வெண்ணை மாற்றலாம். விடுதிறன் பாதியாகக் குறைந்தால் அதிர்வெண் ஏறத்தாழ 1.41 மடங்காகும். விடுதிறன் குறையும் விழுக்காடே இசைவுத்திறன் எனப்படுகிறது. இதனை மட்டும் கொண்டு ஒரு படலத்தின் தரத்தை ஏன் மதிப்பிட இயலாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விடுதிறன் மாறும் முறை

இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்ட பொருள் பேரியம் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் ஆகும். பேரியம் டைட்டனேட் ஏறத்தாழ 120° செல்சியசுக்குக் கீழே தன்னியல்பான முனைவாக்கம் கொள்கிறது. தூய ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் எவ்வளவு குளிர்வித்தாலும் அந்நிலையை அடைவதில்லை. இவ்விரண்டின் கலப்பு விகிதத்தைக் கொண்டு நிலைமாற்ற வெப்பநிலையை அறை வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே அமைக்கலாம். அப்போது அறை வெப்பநிலையில் விடுதிறன் உயர்ந்திருக்கும், தயக்கமும் தோன்றாது. மின்புலம் அயனிகளை இடம்பெயர்த்து முனைவாக்கத்தை மிகுவிக்கும்போது, மேலும் முனைவாக்குதல் கடினமாகிறது. அதனால் விடுதிறன் குறைகிறது.

இதற்கு வலிமையான புலம் தேவை. 100 நானோமீட்டர் படலத்தின் குறுக்கே 10 வோல்ட் அளித்தால், மீட்டருக்கு 10 கோடி வோல்ட் புலம் உண்டாகும். 1 மில்லிமீட்டர் தடிமனில் இதே புலத்தைப் பெற 1 இலட்சம் வோல்ட் வேண்டும்.

இழப்பின் மூலம்

மெல்லிய வடிவத்திற்கு ஒரு விலை உண்டு. ஆக்சிஜன் வெற்றிடங்களும், அடித்தளத்துடன் படிக அணிக்கோவை பொருந்தாமையால் எழும் குறைபாடுகளும் நுண்ணலை ஆற்றலை வெப்பமாக்குகின்றன. எனவே இசைவுத்திறனை இழப்புக் காரணியால் வகுத்துப் பெறும் தகுதி எண்ணே பொருத்தமான அளவுகோல். எடுத்துக்காட்டாக, 60% இசைவுத்திறனும் 0.03 இழப்புக் காரணியும் கொண்ட படலத்தின் தகுதி எண் 20. வெறும் 30% இசைவுத்திறன் கொண்ட மற்றொன்றின் இழப்புக் காரணி 0.005 எனில், அதன் தகுதி எண் 60. கட்டமாற்றிகள் பலவற்றைக் கொண்ட ஆண்டெனா அணியில் இரண்டாவது படலமே பயன்தரும்.

குறைபாட்டைத் தவிர்க்கும் வழி

2013-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வொன்று வேறொரு வழியைக் காட்டியது. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் அடுக்குகளுக்கிடையே சீரான இடைவெளியில் ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு அடுக்குகள் அமைக்கப்பட்டன. வேதி விகிதப் பிழைகள் புள்ளிக் குறைபாடுகளாகாமல் இவ்வடுக்குகளில் ஏற்கப்படுகின்றன. டிஸ்புரோசியம் ஸ்காண்டேட் அடித்தளம் தரும் திரிபு, விடுதிறன் மாறுவதற்குரிய நிலையை உருவாக்குகிறது. இப்படலங்கள் 125 கிகாஹெர்ட்ஸ் வரை அளவிடப்பட்டு, அறை வெப்பநிலையில் உயர்ந்த தகுதி எண்ணைக் காட்டின.

முடிவுரை

இசைவுத்திறனை மட்டும் அறிவிக்கும் ஆய்வு முடிவு முழுமையானதன்று. இழப்புக் காரணி, அளவிட்ட அதிர்வெண், மின்புலம், வெப்பநிலை ஆகியவற்றையும் உடன் தரும்போதே இரு படலங்களை முறையாக ஒப்பிட இயலும்.