திரைக்குப் பின்னால் நம் ஊர்க்காரன்

பாவைக் கூத்து என்றால் குழந்தைகளின் வேடிக்கைதானே என்று படித்தவர்களில் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் சேலம், நாமக்கல் சமவெளிகளில் கோயில் பண்டிகை இரவுகளில் திரைக்கு முன்னே விழித்திருப்போர் குழந்தைகள் மட்டுமல்லர். பகலெல்லாம் ஏர் பிடித்தவரும், தறியில் அமர்ந்தவரும், லாரி ஓட்டியவரும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கட்டி நிறுத்தும் சக்தி யாது?

இவ்வட்டாரத்தில் தெருக்கூத்து ஆடுவோரில் சிலர் பாவைகளையும் ஆட்டுவார்கள். மரப்பாவைகளைக் கொண்டு நடத்துவதைக் கட்டபொம்மலாட்டம் என்றும், ஆட்டுத்தோலில் தீட்டிய உருவங்களைத் திரைச்சீலையில் நிழலாகக் காட்டுவதைத் தோற்பாவைக் கூத்து என்றும் வழங்குகின்றனர். ஒளி ஊடுருவும்படி பதப்படுத்திய தோலில் உருவத்தை வெட்டி, துளையிட்டு, வர்ணம் பூசி, கை கால்களைத் தனித்தனியே இணைப்பார்கள். ராமனுக்கும் ராவணனுக்கும், சீதைக்கும் கோமாளிக்கும் குரல் கொடுப்பவர் பெரும்பாலும் ஒருவரே.

சித்திரத்துக்கு வரம்பு கிடையாது. பத்துத் தலை வைக்கலாம். கடலைத் தாண்டச் செய்யலாம். அப்படியிருக்க, ஜனங்கள் ஆவலோடு எதிர்பார்ப்பது யாரை? பறக்கவும் தெரியாத, வரமும் பெறாத கோமாளியையே! தென்ஜில்லாக்களின் தோற்பாவைக் கூத்தில் அவன் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரட்டையராக வருகிறான். தெருக்கூத்திலே அவனுக்குக் கட்டியங்காரன் என்று பெயர். அவனுக்குப் பசிக்கும், அடி விழுந்தால் வலிக்கும், மனைவியிடம் வாதாடித் தோற்பான். அரசர்கள் செந்தமிழில் முழங்க, அவன் மட்டும் நம் தெருவின் பேச்சைப் பேசுவான். மரவள்ளி விளையும் ஊரானால் கிழங்கின் விலையையும், தறி ஓடும் ஊரானால் நூலின் விலையையும் அவன் இதிகாசத்தின் நடுவே இழுத்துவிடலாம். அதை யாரும் குற்றமாக எண்ணுவதில்லை.

இந்த ரகசியம் நமக்கு மாத்திரம் உரியதன்று. நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்த அதே 1997 ஜனவரியில், அமெரிக்க டெலிவிஷனில் 'கிங் ஆஃப் தி ஹில்' என்ற சித்திரத் தொடர் தொடங்கிற்று. மைக் ஜட்ஜ், கிரெக் டேனியல்ஸ் என்ற இருவர் அதை உருவாக்கினர். கதாநாயகன் ஹாங்க் ஹில், டெக்ஸாஸில் ஆர்லன் என்னும் கற்பனை ஊரிலே எரிவாயு விற்பவன். மந்திரமில்லை, மாயமில்லை, வீடு, வேலை, மகனைப் பற்றிய கவலை, வேலியோரம் நண்பர்களோடு பேச்சு, இவ்வளவே. அத்தொடர் 2010 வரை பதின்மூன்று பருவங்கள் ஓடிற்று. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்டில் மீண்டும் வந்தது. சிறுவனாயிருந்த மகன் இப்போது சமையற்கலைஞன். தந்தையோ ஓய்வு பெற்றவன். ரசிகர்கள் பழைய அண்டை வீட்டாரை வரவேற்பதுபோல் அவர்களை வரவேற்றனர்.

ஆர்லனுக்கும் ஆத்தூருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். இரண்டிலும் கலைஞன் தன் ஜனங்களை இகழாமல் சிரிக்கிறான் என்பதே சம்பந்தம். கஞ்சத்தனத்தையும் வீண் ஜம்பத்தையும் அவன் விடுவதில்லை. ஆயினும் அந்தச் சிரிப்பில் பகை இல்லை. பார்ப்பவர், 'இவன் நம்மைக் கேலி செய்கிறான்' என்று சினப்பதற்கு முன்பே, 'இவன் நம்மவன்' என்று தெளிந்துவிடுகிறார். அந்தத் தெளிவு ஒருமுறை ஏற்பட்டால், அன்பு தலைமுறைகளைக் கடந்து நிற்கும்.

ஆனால் ஒரு பெரிய பேதத்தை நாம் மறக்கலாகாது. அமெரிக்கச் சித்திரம் பதினைந்து ஆண்டுகள் உறங்கி எழுந்தது. எழுதியவர்களும் வரைபவர்களும், நிறைந்த பொருள் வசதியும் அதற்கு இருந்தன. பழைய காட்சிகளும் அழியாமல் இருந்தன. நம் கோமாளி அப்படி உறங்க முடியாது. தோற்பாவையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றலாம். அதன் பேச்சு ஒரு மனிதரின் தொண்டையிலே குடியிருக்கிறது. எந்தச் சமயத்தில் எந்த ஊரில் எதைச் சொல்ல வேண்டும் என்ற அந்த ஞானம், தந்தையின் அருகே திரைக்குப் பின்னால் அமர்ந்த மகனுக்கே வசப்படும். பிழைப்புக்காக அவன் வேறு வேலைக்குப் போய்விட்டால், மீதியாவது வெறும் தோல்தான்.

ஆகவே அனுதாபம் போதாது, அழைப்புதான் வேண்டும். பண்டிகை நடத்தும் பெரியோர்கள் செலவுக் கணக்கில் ஓர் இரவைப் பாவைக் கூத்துக்கு ஒதுக்கட்டும். கலைஞருக்குத் தகுந்த சன்மானத்தைத் தயங்காமல் கொடுக்கட்டும். தாய்மார்கள் அன்று ஒருநாள் குழந்தைகளைச் சீக்கிரம் உறங்க வைக்காதிருக்கட்டும். அந்நிய நாட்டார் தங்கள் ஊர்க்காரனைச் சித்திரத்தில் கண்டு மகிழ்கிறார்கள். நம் ஊர்க்காரனோ இன்னும் நம் திரைக்குப் பின்னால்தான் நிற்கிறான். அவனுக்கு விளக்கேற்றி வைப்பது நம் கடமை.