வாங்கினோமா, வாடகைக்கு எடுத்தோமா?

தாதரில் குடியிருப்போருக்குப் 'பகடி' முறையை விளக்க வேண்டியதில்லை. பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்தாலும் நாம் வாடகைதாரர்தான், வீட்டுக்காரர் வேறொருவர். ஆனாலும் அவருக்குரிய பங்கைக் கொடுத்துவிட்டு, அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தரலாம். இன்று நம் பிள்ளைகள் இணையத்தில் 'வாங்கும்' வீடியோ கேம்களில் பெரும்பாலும் இந்த அளவு உரிமைகூடக் கிடையாது.

முன்பெல்லாம் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளிடையே கேம் கேசட்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கும். அண்ணன் ஆடி முடித்தது தம்பிக்கு வரும். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போகும். இணையத்தில் பணம் கட்டித் தரவிறக்கும் கேமை அப்படி இரவல் தரவோ விற்கவோ பொதுவாக முடியாது. நாம் வாங்குவது பொருளை அல்ல, ஆடுவதற்கான அனுமதியை மட்டுமே.

அனுமதி ரத்தானால் என்ன ஆகும்? யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டே சாட்சி. இணைய இணைப்பு இல்லாமல் அது ஓடாது. 2024 மார்ச் 31-இல் அதன் சர்வர்களை நிறுத்தினார்கள். அன்றோடு, காசு கொடுத்து வட்டாக வாங்கி வைத்திருந்தவர்களாலும் ஆட முடியாமல் போயிற்று. இத்தகைய விற்பனையில் கிடைப்பது வெறும் உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2025 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது.

அடுத்தது மாதச் சந்தா. 2017-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் போன்றவை நம் பழைய வாடகை நூலகங்களைப் போலத்தான். நிறைய ஆடிப் பார்க்கும் பிள்ளைக்கு இது லாபமே. ஆனால் பாதி ஆடிக்கொண்டிருக்கும் கேம் பட்டியலிலிருந்து போய்விடலாம், கட்டணமும் ஏறலாம். அமெரிக்காவில் கேம் பாஸின் உயர்ந்த திட்டம் 2025 அக்டோபரில் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராக உயர்ந்தது.

ஆகவே பெற்றோர்களே, பணம் கட்டுமுன் பிள்ளையிடம் கேளுங்கள்: இணையம் இல்லாமல் இது ஓடுமா? பின்னால் யாருக்காவது கொடுக்க முடியுமா? விடுமுறைக்கு மட்டும் சந்தா போதுமென்றால், பள்ளி திறக்குமுன் தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டை ரத்து செய்துவிடுங்கள். நெடுநாள் வைத்திருக்க விரும்பும் கேமை, ஜிஓஜி போன்று கோப்பையே நம்மிடம் கொடுத்துவிடும் கடையில் தேடலாம். வாடகை தவறல்ல, வாடகை என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவே.