மகளிர் தொழிலுயர்வும் தன்னம்பிக்கையும்

மகளிர் கல்வியில் ஈழநாடு நெடுங்காலமாக முன்னிற்பது. உடுவில் மகளிர் பாடசாலை 1824 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரி 1913 இல் தோன்றியது. 1931 இல் ஆடவரோடு மகளிரும் ஒருங்கே வாக்குரிமை எய்தினர். 1960 இல் உலகின் முதற் பெண் பிரதமர் இந்நாட்டிலேயே பதவியேற்றார். இன்று பல்கலைக்கழகம் புகுவோருள் அரைப்பங்கிற்கு மேற்பட்டோர் பெண்களே. ஆயினும், தொழில் செய்யும் வயதினையுடைய பெண்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர். ஆடவருள்ளோ பத்துக்கு ஏழுபேரளவில் உளர். பரீட்சை மண்டபத்தில் முன்னின்றவர் தொழிற்களத்திற் பின்னிற்பது ஏன்?

இவ்வினாவிற்கு விடை ஒன்றன்று. வீட்டுக் கடமையின் சுமை, குழந்தைகளைப் பராமரிப்பார் இன்மை, போக்குவரவின் இடர், ஊரார் உரைக்கும் பழி ஆகியன புறக்காரணங்களாம். இவற்றோடு அகக்காரணம் ஒன்றும் உண்டு. தகுதி இருந்தும், அத்தகுதியைத் தாமே ஐயுற்று ஒதுங்குதலே அது. இவ்வையத்தைப் போக்குவது தன்னம்பிக்கை.

தன்னம்பிக்கையைச் செருக்கெனக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. இல்லாத ஆற்றலை உண்டென எண்ணுவது செருக்கு. உள்ள ஆற்றலை உள்ளவாறு அறிந்து அதன்வழி நிற்பது தன்னம்பிக்கை. திருவள்ளுவர் வலியறிதல் என ஓரதிகாரம் வகுத்தமையும், ஊக்கமுடைமையை அடுத்து மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்பவற்றை முறையே வைத்தமையும் ஈண்டு நோக்கத்தக்கன. ஊக்கம் உள்ளத்தில் எழுகின்றது, முயற்சியில் வளர்கின்றது, இடுக்கண் வந்துழித் தன் உறுதியைக் காட்டுகின்றது.

இத்தன்மை பிறவியில் வாய்ப்பதா, பயிற்சியால் வருவதா என்பதை ஆராய்ந்த உளநூலாருள் அல்பேட் பண்டுரா சிறந்தவர். 1977 இல் அவர் வெளியிட்ட கொள்கையின்படி, ஒருவர் ஒரு கருமத்தைத் தம்மால் ஆற்றமுடியும் என்று கொள்ளும் நம்பிக்கை நான்கு ஊற்றுக்களிலிருந்து பிறக்கின்றது. தாமே செய்து வென்ற அனுபவம் முதலாவது. தம்மையொத்தார் செய்து வெல்லக் காண்டல் இரண்டாவது. பிறர் கூறும் ஊக்கவுரை மூன்றாவது. உடலும் உள்ளமும் அவ்வேளையில் உள்ள நிலை நான்காவது. இவற்றுள் வலிமை மிக்கது முதலாவதே என்பது அவர் முடிபு. மேலும், இந்நம்பிக்கை கருமந்தோறும் வேறுபடும். வகுப்பறையில் அஞ்சாது கற்பிக்கும் ஆசிரியை நிருவாகக் கூட்டத்திற் பேசக் கூசுதல் கூடும்.

இக்கொள்கைக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்வு தக்க விளக்கமாகும். அவர் 1886 இல் புதுக்கோட்டையிற் பிறந்தார். பெண்பிள்ளைகளுக்கு உயர்கல்வி வேண்டுவதில்லை எனப் பலர் எண்ணிய காலம் அது. ஆடவர் பயின்ற மகாராசா கல்லூரியில் அவரைச் சேர்த்தற்கு எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் அவ்வெதிர்ப்பை ஏற்காது இடமளித்தார். கல்வியாளராகிய தந்தையார் மகளின் படிப்பிற்குத் துணைநின்றார். 1907 இற் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து 1912 இற் பட்டம் பெற்றார்.

அக்கல்லூரியிற் பெண்கள் பயின்றது அதுவே முதன்முறையன்று. மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது 1878 இலேயே அங்குத் தேறியிருந்தார். ஆனால், ஆங்கில மாது ஒருவரின் வெற்றி புதுக்கோட்டைச் சிறுமிக்கு எவ்வளவு தொலைவில் நின்றிருக்கும் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. தம்மையொத்தார் என்பதிலேயே இரண்டாம் ஊற்றின் ஆற்றல் தங்கியுள்ளது. முத்துலட்சுமிக்குப் பின்வந்த தமிழ் மாணவியர்க்கு அத்தொலைவு இல்லை. அவர்கள் காண அவரே முன்னின்றார்.

சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்ற வேளையில், மருத்துவப் பணிக்கு அஃது இடையூறாகுமோ என அவர் தயங்கினார். ஆதலின், தன்னம்பிக்கை உடையார் தயக்கமே அறியார் என்பது பிழை. தயக்கத்தை உணர்ந்து, அதனைக் கடந்து அவர் அப்பதவியை ஏற்றார். சபையின் உபதலைவராகவும் விளங்கினார். கோயில்களிற் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிராக அவர் சபையில் எழுப்பிய குரல் உடனே பயன்தரவில்லை. அவர் 1930 இற் சபையைவிட்டு நீங்கினார். சட்டம் 1947 இலேயே நிறைவேறியது. தங்கை புற்றுநோயால் இறந்த துயரம் அவரைப் புற்றுநோய் மருத்துவமனை நிறுவத் தூண்டிற்று. அடையாற்றில் அது 1954 இற் பணிதொடங்கியபோது அவருக்கு அறுபத்தேழு வயது. கல்லூரி, வைத்தியசாலை, சட்டசபை, புற்றுநோய் நிலையம் என ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு உறுதியளித்தது.

எனினும், வெற்றிகள் பல குவிந்தும் ஐயம் நீங்காதார் உளர். போலீன் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் உளநூலார் இருவர் 1978 இல் இந்நிலையை விரித்துரைத்தனர். உயர்தகுதி பெற்ற மகளிர் பலர், தம் வெற்றி தற்செயலால் வந்ததென்றும், தம் தகுதியின்மை ஒருநாள் வெளிப்பட்டுவிடும் என்றும் உள்ளூர அஞ்சினர். இது மகளிர்க்கே உரியதன்று, ஆடவரிடத்தும் உண்டு என்பது பின்வந்த ஆய்வுகளால் விளங்கிற்று. செய்து முடித்தவற்றை நாட்குறிப்பில் எழுதிவைத்தல் இதற்கு ஒரு நல்ல மருந்து. நினைவு தோல்வியைப் பெருக்கி வெற்றியைச் சுருக்கும். எழுத்து இரண்டையும் உள்ளவாறு வைத்திருக்கும். மேடையேறுமுன் நெஞ்சு படபடத்தலைத் திறமையின்மைக்கு அறிகுறியெனக் கொள்ளாது, உடல் செயலுக்கு ஆயத்தமாகும் அடையாளமெனக் கொள்ளப் பழகுதலும் நன்று.

ஆனால், பெண்களைப் பார்த்து ‘நம்பிக்கை கொள்க’ என்று மட்டும் கூறி அமைதல் நீதியாகாது. அமெரிக்காவின் தலைசிறந்த வாத்தியக் குழுக்கள் ஐந்தில் 1970 அளவில் மகளிர் நூற்றுக்கு ஐவரினும் குறைந்தேயிருந்தனர். பின்னர், வாசிப்பவர் யாரெனத் தேர்வாளர் அறியாவண்ணம் திரையிட்டுத் தேரும் முறை பரவிற்று. 1990களில் மகளிர் தொகை நூற்றுக்கு இருபத்தைந்தளவுக்கு உயர்ந்தது. இவ்வுயர்வுக்குத் திரை ஒன்றே காரணமென்று கூறமுடியாதாயினும், அம்முறை உணர்த்தும் உண்மை தெளிவானது. குறை சிலவேளைகளில் வாசிப்பவர் கையிலன்றிக் கேட்பவர் செவியிலும் இருக்கலாம்.

ஆகவே, இக்கடமை இருபாலது. மாணவியர் சிறுபொறுப்புக்களை விரும்பி ஏற்று, படிப்படியாகப் பெரும்பொறுப்புக்களுக்கு உரியராதல் வேண்டும். தமிழ்ச் சங்கச் செயலாளர் பதவியும் விவாத அரங்கும் விளையாட்டுக் குழுத் தலைமையும் இதற்குரிய பயிற்சிக் களங்கள். ஆசிரியர் வெறும் புகழுரை கூறாது, ‘இப்பகுதியை இவ்வாறு சிறப்பாகச் செய்தாய்’ எனச் சுட்டிப் பாராட்டுதல் வேண்டும். குறையையும் அவ்வாறே சுட்டுதல் வேண்டும். பழைய மாணவியர் கல்லூரிக்கு வந்து, தாம் பெற்ற பட்டங்களோடு தாம் தடுமாறிய இடங்களையும் எடுத்துரைப்பாராயின், கேட்கும் சிறுமியர்க்கு அதனினும் சிறந்த பாடமில்லை. பெற்றோரும் மணமகன் வீட்டாரும் பெண்ணின் உத்தியோகத்தை இடைக்கால ஊதியமாகக் கருதாது அவள் வாழ்வின் பணியாகக் கருதுதல் வேண்டும்.

புதுக்கோட்டைச் சிறுமிக்குக் கல்லூரிக் கதவைத் திறக்க ஒரு மன்னரின் ஆணையும் ஒரு தந்தையின் துணிவும் வேண்டியிருந்தன. அக்கதவினூடாக நடந்து சென்றவர் அவரே. கதவைத் திறத்தல் சமூகத்தின் கடன். அடியெடுத்து வைத்தல் பெண்ணின் கடன். இவ்விரண்டும் ஒருங்கே நிகழுமிடத்து, கற்ற கல்வி வீட்டுக்கும் நாட்டுக்கும் முழுப்பயன் நல்கும்.