பில்லில் ஆறாவது எழுத்தைப் பாருங்கள்

தேங்காய் போட்ட ராஜபாளையத்து விவசாயி ஒருவர், ஒரு சீட்டுடன் என்னிடம் வந்தார். "சார், பெரிய கம்பெனி என்று சொல்லித்தான் கொப்பரைக்குக் காய் எடுத்தார்கள். பாக்கி இன்னும் வரவில்லை. யாரைக் கேட்பது?" சீட்டில் அச்சிட்டிருந்த ஜி.எஸ்.டி. எண்ணைப் பார்த்தேன். அது கம்பெனியே இல்லை. ஒரு தனி ஆளின் வியாபாரம்.

எப்படித் தெரிந்தது? ஜி.எஸ்.டி. எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் வியாபாரியின் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து, வரி செலுத்துபவர் யார் என்று சொல்லும். ஜி.எஸ்.டி. எண்ணில் அது ஆறாவதாக வரும். ஆங்கிலத்தில் 'பழனி' என்று எழுதினால் வரும் முதல் எழுத்து அங்கே இருந்தால் தனி நபர். 'சி' என்றால் கம்பெனி. 'எஃப்' என்றால் கூட்டு வியாபாரம். 'எச்' என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம். 'டி' என்றால் அறக்கட்டளை.

தனி ஆள் வியாபாரம் செய்வது தவறில்லை. ஆனால் பாக்கிக்கு யார் பொறுப்பு என்பது காய் ஏற்றும் முன்பே தெரிய வேண்டும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணை இட்டுத் தேடினால், சட்டப்படியான பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா, ரத்தாகிவிட்டதா என்பதும் தெரியும். கட்டணம் கிடையாது.

இதே எழுத்து நம் பக்கமும் பேசும். ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் ஒரு குழு, டிராக்டர் வாடகைப் பணத்தைத் தலைவரின் சொந்தக் கணக்கிலேயே போட்டு வந்தது. அந்தப் பணமும் வட்டியும் தலைவர் பேரில்தான் பதிவாகும். நாளை வரித்துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. வங்கி வட்டியும் டிராக்டர் வாடகையும் அந்தக் கணக்கில் சேராது. குழுவுக்குத் தனி பான் வாங்குங்கள். உழவர் உற்பத்தியாளர் கம்பெனி என்றால் 'சி'. பதிவில்லாத குழு பெரும்பாலும் 'ஏ'.

ஐந்தாவது எழுத்து, தனி நபருக்குக் குடும்பப் பெயரின் முதலெழுத்து. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் எழுதும் பெயரே கணக்கு. இனிஷியலை விரித்து, ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். பெயர் மாறினால் இரண்டையும் இணைப்பது சிக்கலாகும்.

அந்த விவசாயி, சீட்டில் இருந்த கடைப் பெயரை விட்டுவிட்டு, எண்ணுக்கு உரியவர் பெயருக்கே நோட்டீஸ் அனுப்பினார். உங்களிடமும் பழைய சீட்டு இருந்தால் இன்றே எடுத்து எண்ணிப் பாருங்கள்.